இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தும் காசநோய் தப்பிவிடுவது ஏன்?

காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் மூலக்கூறு சோதனை இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தருகிறது. அதை இருபது நிமிடமாகக் குறைக்க என்ன செய்ய வேண்டும், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் நான் இதில் என்ன ஆய்வு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: உறவினர் ஒருவருக்கு இந்தச் சோதனையில் ‘கிருமி இல்லை’ என்று வந்தது, சில வாரங்கள் கழித்து, மாதிரியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளரவிட்டுப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் காசநோய் உறுதியானது. உங்களை உறுத்துவது இந்த இரண்டாவது செய்திதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இத்தனை நுட்பமான சோதனை எந்த இடத்தில் சறுக்குகிறது, அதைச் சீராக்க எங்கே கைவைக்க வேண்டும் என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் காசநோய்க் கிருமி ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் மருத்துவன் அல்லன். உங்கள் உறவினர் விஷயத்தில் என்ன நடந்தது என்பதை அவருடைய மாதிரியையும் அறிக்கைகளையும் பார்த்தவர்தான் கூற முடியும். பொதுவாக இந்தச் சோதனைகள் எதில் வலுவானவை, எதில் தளர்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக உலகம் பெரிதும் நம்பியிருந்தது, சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதைத்தான். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அது கண்ணில் படும். வளர்ப்புச் சோதனைக்கு 10 முதல் 100 கிருமிகள் போதும். ஆனால் இந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிளவுபடவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்பர்ட் என்ற மூலக்கூறு சோதனையைப் பரிந்துரைத்தபோது நிலைமை மாறியது. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 131 கிருமிகள் இருந்தால் அது பிடித்துவிடும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இருக்கிறதா என்றும் அதே ஓட்டத்தில் சொல்லிவிடும். 2017இல் வந்த அல்ட்ரா என்ற மேம்பட்ட வடிவம் அந்த வரம்பை ஏறத்தாழ 16 கிருமிகளுக்கு இறக்கியது.

இந்த 16 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் சளியோடு இரண்டு மில்லிலிட்டர் கரைப்பான் சேர்த்து, பதினைந்து நிமிடம் வைத்திருந்து, அந்தக் கலவையில் இரண்டு மில்லிலிட்டரை மட்டும், கருவிக்குள் செருகும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் ஊற்றுகிறோம். அதாவது கருவிக்குள் போவது மூன்றில் இரண்டு பங்கு மில்லிலிட்டர் சளி; அதில் இருப்பது பத்துப் பதினோரு கிருமிகள். பத்துக் கிருமிகளைப் பிடிக்கும் கருவியை எவ்வளவுதான் கூர்மையாக்கினாலும் ஒரு கிருமிக்குக் கீழே போக வழியில்லை. குழாய்க்குள் கிருமியே வராவிட்டால் எந்த வேதியியலும் உதவாது. சராசரியாக இரண்டு கிருமிகள் வந்துசேரும் அளவுக்கு நீர்த்த மாதிரி என்று வைத்துக்கொள்வோம். ஏழு முறைக்கு ஒருமுறை ஒன்றுகூட வராது. இது வெறும் நிகழ்தகவு. காசநோய்க் கிருமிகள் தனித்தனியாக மிதப்பவையும் அல்ல, கயிறு திரித்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளாகக் கிடப்பவை. ஒரு துளியில் நூறு, அடுத்த துளியில் ஒன்றுமில்லை என்பது அன்றாடம் நடப்பது.

எனவே, கருவியின் உள்ளே நடக்கும் டி.என்.ஏ. பெருக்கத்தில் மிச்சமிருக்கும் ஆதாயம் சிறியது, கருவிக்கு வெளியே மாதிரியில் இருக்கும் ஆதாயம் பெரியது என்பது என் கருத்து. ஆய்வகத்துக்கு வரும் குடுவைகளில் எத்தனையோ வெறும் உமிழ்நீராக இருக்கின்றன. ஆழ்ந்து இருமி வெளியே வந்த கெட்டியான சளிக்கும் அதற்கும் கிருமி எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஒரே நபரிடம் மூன்று மாதிரிகளைச் சோதித்தால் பலன் கூடுகிறது என்பதை 2010இல் வெளியான முதல் பெரிய எக்ஸ்பர்ட் ஆய்வே காட்டியது. நுண்ணோக்கியில் தெரியாமல் வளர்ப்பில் மட்டும் தெரிந்த நோயாளிகளில், ஒரு மாதிரியில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பிடிபட்டனர். மூன்று மாதிரிகளில் 90 விழுக்காட்டினர். கருவி மாறவில்லை, உள்ளே போன சளியின் அளவு மட்டுமே கூடியது. உங்கள் உறவினருக்கு நேர்ந்ததுபோன்ற நிகழ்வுகளுக்குப் பொதுவான காரணங்களில் இதுவும் ஒன்று.

சளி வந்த பிறகும் தடைகள் உண்டு. கிருமியின் சுவர் மைக்காலிக் அமிலம் நிறைந்த மெழுகுப் படலம். சாதாரண நுண்ணுயிர்களை உடைக்கும் முறைகளுக்கு அது எளிதில் வசப்படாது. அதனால்தான் எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜுக்குள் ஒலியதிர்வைக் கொண்டு உடைக்கிறார்கள். சளியிலுள்ள ரத்தமும் கோழையும் டி.என்.ஏ.வைப் பலமடங்கு பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கவும் செய்யும். ஆய்வுக் கட்டுரைகளில் தூய டி.என்.ஏ. கரைசலை வைத்து ‘ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம்’ என்று வரும் முறைகள் பலவும் இந்த முதல் படியைத் தாண்டியே வருவதில்லை. குறிப்பிட்ட மரபு வரிசையைத் தேடிப் பிடிக்கும் நொதிகளைக் கொண்ட கிரிஸ்பர் அடிப்படையிலான சோதனைகள்மேல் எனக்கு ஆர்வம் உண்டு. ஆனால் அவற்றில் பல, மாதிரியைத் தனியாகச் சுத்திகரித்து எடுத்துக்கொண்ட பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன.

அல்ட்ரா எப்படி இத்தனை கூர்மையானது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் வெற்றியும் தொல்லையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. பழைய எக்ஸ்பர்ட் தேடியது ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவை. அது கிருமிக்கு ஒன்றே ஒன்று. அல்ட்ராவோ ஐ.எஸ்.6110, ஐ.எஸ்.1081 என்ற இரண்டு டி.என்.ஏ. வரிசைகளையும் சேர்த்துத் தேடுகிறது. இவை கிருமியின் மரபுத்தொகுதியில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஆய்வகங்களில் அளவுகோலாகப் பயன்படும் எச்37ஆர்வி என்ற இனத்தில் ஐ.எஸ்.6110 பதினாறு இடங்களில் இருக்கிறது. ஒரு கிருமி வந்தாலே பதினாறு இலக்குகள். ஆனால் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரவும் சில இனங்களில் இந்த வரிசை ஒன்றே ஒன்றுதான் இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. அதை மட்டும் நம்பிச் சோதனை செய்தால், ஓரிடத்தில் அருமையாக வேலை செய்வது வேறோரிடத்தில் நோயாளிகளைக் கோட்டைவிடும். ஐ.எஸ்.1081 இதற்கு நல்ல காப்பு. புதிய சோதனை ஒன்றை யார் முன்வைத்தாலும், எந்த நாட்டு இனங்களில் சோதித்தீர்கள் என்பதே நான் முதலில் கேட்பது.

2018இல் வெளியான பன்னாட்டு ஒப்பீட்டு ஆய்வில், நுண்ணோக்கியில் தெரியாத நோயாளிகளில் எக்ஸ்பர்ட் 46 விழுக்காட்டினரைப் பிடித்தது, அல்ட்ரா 63 விழுக்காட்டினரை. இது பெரிய முன்னேற்றம். அதே ஆய்வில், நோய் இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறன் 98 விழுக்காட்டிலிருந்து 96க்கு இறங்கியது. இரண்டு விழுக்காடுதானே என்று தோன்றும். நோய் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அது பொறுக்கத்தக்கதுதான். ஆனால் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டும் நோய் இருக்கும் ஒரு கூட்டத்தில் எல்லோரையும் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 98 விழுக்காடு என்றால், நோய் இல்லாத 990 பேரில் ஏறத்தாழ 20 பேருக்குத் தவறாக ‘உண்டு’ என்று வரும். 96 விழுக்காடு என்றால் 40 பேருக்கு. சோதனை உண்மையாகப் பிடித்திருப்பதோ எட்டு ஒன்பது பேரைத்தான். மருத்துவமனைக்கு வாரக்கணக்கில் இருமலோடு வருபவர்களிடம் நன்றாக வேலை செய்யும் ஒரு சோதனையை அப்படியே தெருத்தெருவாகக் கொண்டுபோனால், மருந்து தேவைப்படாதவர்களே மருந்து சாப்பிடுபவர்களில் பெரும்பாலோராக இருப்பார்கள்.

அந்தத் தவறான முடிவுகளில் ஒரு பகுதி உண்மையில் தவறே அல்ல என்பதுதான் சிக்கல். சோதனை தேடுவது டி.என்.ஏ.வை. முன்பு காசநோய் வந்து முழுதாகக் குணமானவரின் நுரையீரலில் இறந்த கிருமிகளின் டி.என்.ஏ. மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கியிருக்கும். குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து, உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்லும் வேலை இது. சோதனை கூர்மையாகக் கூர்மையாக இந்தப் பெயர்ப்பலகைகளும் கூடுதலாகக் கண்ணில் படும். அல்ட்ரா தரும் முடிவுகளிலேயே மிகக் குறைந்த படியான ‘சுவடு மட்டும்’ என்ற முடிவின் வரலாறு இதுதான். பலமுறை திரும்பும் வரிசைகள் தெரிகின்றன, ஆர்.பி.ஓ.பி. தெரியவில்லை, எனவே ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை என்பது அதன் பொருள். எச்.ஐ.வி. உள்ளவர்கள், குழந்தைகள், நுரையீரலுக்கு வெளியே நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் ஆகியோரிடம் சுவடு தெரிந்தால் நோய் என்றே கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களைத் தவறவிட்டால் வரும் இழப்பு பெரியது. மற்றவர்களிடம் புதிய மாதிரி எடுத்து, முன்பு நோய் வந்ததா என்று கேட்டு, மார்பு எக்ஸ்-ரேயையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இதே காரணத்தால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

உயிருள்ள கிருமியை மட்டும் எண்ண வழி உண்டா? இரண்டு திசைகளில் முயற்சி நடக்கிறது. இறந்த கிருமியின் சிதைந்த சுவர் வழியாக உள்ளே நுழைந்து அதன் டி.என்.ஏ.வை முடக்கும் சாயத்தை முன்கூட்டியே சேர்ப்பது ஒன்று. டி.என்.ஏ.வை விட்டுவிட்டு, செல் இறந்த பின் விரைவில் சிதையும் ஆர்.என்.ஏ.வை அளப்பது மற்றொன்று. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை அளந்து, சிகிச்சையின்போது கிருமிச் சுமை இறங்குவதைப் பின்தொடரும் சோதனை ஆய்வுகளில் நம்பிக்கை தருகிறது. எனக்கு இந்த இரண்டாவது வழியில் நம்பிக்கை அதிகம். ஆனால் ஆர்.என்.ஏ. குடுவையிலேயே சிதையத் தொடங்கும். வெப்பத்தில் இரண்டு நாள் பயணம் செய்து வந்த மாதிரியில் அது என்ன சொல்லும் என்பது இன்னும் திறந்த கேள்வி.

மருந்து எதிர்ப்பு பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவடையாது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் கண்டுபிடிப்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம்: எதிர்ப்புக்குக் காரணமான மாற்றங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆர்.பி.ஓ.பி. மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தத் துண்டுக்கு வெளியே மாற்றம் நேர்ந்தால் எக்ஸ்பர்ட்டுக்குத் தெரியாது. எஸ்வாட்டினி நாட்டில் பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் அப்படி ஒரு மாற்றம், 491ஆம் இடத்தில், இருந்தது 2015இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அந்த நோயாளிகளுக்கு ‘மருந்து கேட்கும்’ என்று சோதனை சொல்லிக்கொண்டிருந்தது. சோதனை கண்டுகொள்ளாத கிருமியே தேர்ந்தெடுக்கப்பட்டதுபோல் பரவும் என்பதுதான் இதில் கவலைக்குரியது. எதிர்த்திசையிலும் பிழை வரும்: கிருமிச் சுமை மிகக் குறைவாக இருக்கும்போது எதிர்ப்பு இருப்பதாகப் பொய்யாகக் காட்டலாம், மருந்தின் செயலைப் பாதிக்காத மௌன மாற்றத்தையும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். எதிர்ப்புக்கான வாய்ப்பு குறைந்த ஒருவருக்கு ‘எதிர்ப்பு உண்டு’ என்று வந்தால் புதிய மாதிரியில் மறுபடி சோதிப்பது இதனால்தான்.

புதிய மருந்துகளில் நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லைன்சோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை, மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதன் முதுகெலும்பு பெடாகுயிலின். அதற்கான எதிர்ப்பு பெரும்பாலும் ஆர்.வி.0678 என்ற மரபணுவில் எழுகிறது, அதுவும் ஓரிடத்தில் குவியாமல் மரபணு நெடுகச் சிதறியிருக்கிறது. ஒரு சிறு துண்டோடு ஒட்டும் நாலைந்து ஆய்வு முனைகளை வைத்துத் தேடும் எக்ஸ்பர்ட் பாணி இங்கே செல்லாது; மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். அதற்காகவே தேர்ந்தெடுத்த மரபணுக்களை மட்டும் வரிசைப்படுத்தும் முறையை 2024இல் அந்நிறுவனம் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. சளியிலிருந்து நேரடியாகச் செய்யலாம், பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் விடை கிடைக்கும். குறையும் அதே இடத்தில்தான்: போதிய டி.என்.ஏ. வேண்டும். சுமை குறைந்த மாதிரியில் படிக்க முடியாமல் போகிறது. படித்த பிறகும், புதிதாகத் தென்படும் ஒரு மாற்றம் உண்மையில் மருந்தைத் தடுக்கிறதா என்பது பல நேரங்களில் தெளிவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மரபணு மாற்றப் பட்டியல் 2021இல் வெளிவந்து 2023இல் விரிவாக்கப்பட்டது. பெடாகுயிலின் பகுதியில் இன்னும் பல மாற்றங்கள் ‘உறுதியில்லை’ என்ற வகையிலேயே நிற்கின்றன.

இனி உங்கள் முதல் கேள்வியான வேகத்துக்கு வருகிறேன். கருவி ஓடும் அந்த இரண்டு மணி நேரத்தில் நோயாளி இழப்பது சொற்பம். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும் பயணம், வரிசையில் காத்திருப்பு, முடிவு திரும்பிவரும் தாமதம், இவைதான் நாட்களை விழுங்குகின்றன. நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், செவிலியர்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் எக்ஸ்பர்ட்டை இயக்கினார்கள். அதே நாளில் சிகிச்சை தொடங்கியவர்கள் கூடினார்கள். ஆனால் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தென் ஆப்பிரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வில் இறப்பு விகிதத்திலும் வேறுபாடு தெரியவில்லை. நுண்ணோக்கி மட்டும் இருந்த இடங்களிலும் மருத்துவர்கள் அறிகுறியையும் எக்ஸ்-ரேயையும் வைத்து மருந்து தொடங்கிவிட்டதே இதற்கு முக்கியக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனாலும் இருபது நிமிடச் சோதனைக்கு ஒரு நியாயம் உண்டு: நோயாளி நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் முடிவு வந்துவிட்டால், அவரை மறுபடி தேடிப்போக வேண்டாம். அந்தப் பயன் கிடைக்க, கருவி அவர் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்பர்ட் கருவி சீரான மின்சாரத்தையும் 30 டிகிரிக்கு மேற்படாத அறையையும் கேட்கிறது. 2020இல் பரிந்துரைக்கப்பட்ட ட்ரூநாட் என்ற மற்றொரு மூலக்கூறு சோதனை பேட்டரியில் ஓடுவது இந்த வகையில் முக்கியமான நகர்வு, அதன் மாதிரித் தயாரிப்பில் கைவேலை கூடுதல் என்றாலும். 2023இல் உலகில் புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினருக்குத்தான் முதல் சோதனையே விரைவு மூலக்கூறு சோதனையாக இருந்தது. எஞ்சியவர்களுக்கு வேகத்தைவிட, அந்தச் சோதனை கைக்கெட்டுவதே பெரிய கேள்வி.

சளியே வராதவர்கள் தனி உலகம். சிறு குழந்தைகள் சளியை விழுங்கிவிடுகிறார்கள். அதனால் அவர்களின் மலத்திலேயே கிருமியைத் தேடலாம், இது ஏற்கப்பட்ட முறை. நாக்கின் மேற்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பது இப்போது பலரின் கவனத்தை ஈர்க்கிறது. அதில் கிருமிகள் குறைவு, சளியைவிடச் சற்றுக் குறைவாகவே பிடிக்கிறது. ஆனால் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும். நூறு நோயாளிகளில் அறுபது பேரால்தான் சளி தர முடிகிறது, சோதனை 88 விழுக்காடு பிடிக்கிறது என்றால் கிடைப்பது 53 பேர். நாக்குத் துடைப்பை எல்லோரிடமும் எடுத்து 70 விழுக்காடு பிடித்தால் 70 பேர். இவை விளக்கத்துக்கான எண்கள்தான். சளி வராதவர்களுக்குக் கிருமிச் சுமையும் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் உண்மையான ஆதாயம் இதைவிடச் சிறிதாகவே இருக்கும். விரல்நுனி ரத்தத்தில் உடலின் மரபணு வெளிப்பாட்டைப் படிக்கும் சோதனை, யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று வடிகட்ட உதவலாம். தனியாக நோயை உறுதிசெய்யும் தகுதி அதற்கு இல்லை. நுரையீரலுக்கு வெளியே வரும் நோயில் நிலைமை இடத்துக்கு இடம் மாறுகிறது: நிணநீர்க் கட்டியில் நன்றாக வேலை செய்யும் சோதனை, நுரையீரல் உறை நீரில் பாதிப் பேரைத் தவறவிடலாம். மூளைக்காய்ச்சலில் ‘கிருமி இல்லை’ என்ற முடிவை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், மாதிரித் தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மில்லிலிட்டர் சளியை முழுவதுமாகத் திரவமாக்கி, அதிலுள்ள கிருமிகளை மையவிலக்கி இல்லாமல் காந்தத் துகளிலோ வடிகட்டியிலோ ஒன்றுதிரட்டும் மலிவான வழி கிடைத்தால், ஏற்கெனவே இருக்கும் எல்லாச் சோதனைகளும் அதனால் பயன்பெறும். நோய்க் கிருமியைக் கையாள உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும் என்பதால் பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் தொடங்குங்கள். ஆனால் அதில் ஐ.எஸ்.6110 ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை இலக்காக வைத்து அளந்தால் உங்கள் வரம்பு உண்மையைவிட மோசமாகத் தெரியும். தண்ணீரில் கலந்து சோதிக்காதீர்கள். காசநோய் இல்லாதவர்களின் சளியில், பலரிடமிருந்து எடுத்ததில், கலந்து சோதியுங்கள். வரம்புக்கு அருகிலுள்ள ஒவ்வொரு அளவிலும் குறைந்தது இருபது முறை செய்து, பத்தொன்பது முறையாவது தெரியும் அளவையே உங்கள் வரம்பாகச் சொல்லுங்கள். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரிய இனங்கள் சிலவற்றையும், கிருமியே சேர்க்காத வெற்றுச் சளியையும் ஒவ்வொரு நாளும் கூடவே ஓட்டுங்கள்.